சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் மாணவர்கள் இன்டர்ன்ஷிப் செய்ய முடியுமா? வாத்தியம் வாசிக்கத் தெரியாதவருக்கு அங்கே என்ன வேலை இருக்கும்?

முடியும். ஜெர்மனியில் முதுகலை படித்தபோது, நடுத்தர ஊர் ஒன்றின் ஆர்கெஸ்ட்ராவில் மூன்று மாதம் இருந்தேன். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. மேற்கத்திய நோட்ஸை, அதாவது தாளில் எழுதிய இசையை, எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான்.

வாசிக்கிறவர்களுக்கான வழி வேறு. பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் அதற்கென்றே 'அகாடமி' நடத்துகின்றன. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் கராயன் அகாடமி 1972இல் தொடங்கியது. அங்கே ஆடிஷனில் வாசித்துக் காட்டித்தான் உள்ளே போக முடியும். நான் சொல்வது அலுவலகப் பக்கம். ஒரு கச்சேரி மேடைக்கு வரும்வரை நடக்கும் வேலைகளில் கூடமாட உதவுவது.

முதல் நாளே என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் 2.2.2.2 – 4.2.3.1 என்று இருந்தது. பார்த்தால் ஏதோ லாக்கர் நம்பர் மாதிரி. விஷயம் எளிது: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன் தலா இரண்டு, பிறகு ஹார்ன் நான்கு, டிரம்பெட் இரண்டு, டிராம்போன் மூன்று, டூபா ஒன்று. செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் 9ஆவது சிம்பொனிக்கு வேண்டிய காற்று வாத்தியங்களின் கணக்கு இது. எத்தனை பேரை வெளியிலிருந்து கூப்பிட வேண்டும், எத்தனை நாற்காலி போட வேண்டும், செலவு எவ்வளவு என்று எல்லாமே இந்த எட்டு எண்ணிலிருந்துதான் கிளம்பும்.

தந்தி வாத்தியங்களுக்கு வேறு கணக்கு. இரண்டு பேருக்கு நோட்ஸ் வைக்கும் ஸ்டாண்டு ஒன்று, நோட்ஸ் ஒன்று. எங்களிடம் முதல் வயலின் 12, இரண்டாம் வயலின் 10, வியோலா 8, செல்லோ 6, டபுள் பாஸ் 4. ஆக 40 பேருக்கு 20 ஸ்டாண்டு. வில்லை எங்கே மேலே தள்ளுவது, எங்கே கீழே இழுப்பது என்று முதல் வயலின் தலைவர் தன் பிரதியில் பென்சிலால் குறித்துத் தருவார். மற்ற பிரிவுத் தலைவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் பிரதிகளில் குறிப்பார்கள். பின்வரிசைப் பிரதிகளில் அவற்றை ஒன்றுவிடாமல் ஏற்றுவது ஆர்கெஸ்ட்ராவின் நோட்ஸைப் பார்த்துக்கொள்ளும் நூலகரின் வேலை, அதாவது நூலகரும் நானும். ஒரு இடத்தில் தப்பாகக் குறித்தாலும் பின்வரிசை வில் மட்டும் எதிர்த்திசையில் போகும், மண்டபம் முழுக்கத் தெரியும்.

பேனாவைத் தொடவே கூடாது, வாடகை நோட்ஸ் என்றால் குறித்ததையெல்லாம் பிறகு அழிக்க வேண்டும். துவோர்ஷாக் 1904இல் இறந்தவர், அவர் நோட்ஸ் ஆர்கெஸ்ட்ராவின் சொந்தச் சொத்தாக அலமாரியில் இருந்தது. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் 1975இல்தான் இறந்தார். இறந்து 70 ஆண்டு ஆகும்வரை காப்புரிமை உண்டு என்பதால் அவர் நோட்ஸ் பதிப்பகத்திலிருந்து வாடகைக்கு வரும். கச்சேரி முடிந்ததும் குறிப்புகளை அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு நாள் முழுக்க ரப்பர் தேய்த்திருக்கிறேன். (இதையும் இன்டர்ன்ஷிப் அறிக்கையில் 'நூலகப் பணி' என்றுதான் எழுதினேன்.)

நான் சொதப்பியதையும் சொல்லிவிடுகிறேன். துவோர்ஷாக் ரிகர்சல் ஒன்றின் நேர அட்டவணையை என்னைப் போடச் சொன்னார்கள். சிம்பொனியின் பகுதிகளை 1, 3, 4 என்று முதலில் வைத்துவிட்டு, மெதுவான 2ஆவது பகுதியை இடைவேளைக்குப் பிறகு கடைசியில் தள்ளினேன். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த சிம்பொனியில் டூபாவுக்கு வேலை 2ஆவது பகுதியில் மட்டும்தான், அதுவும் விரல்விட்டு எண்ணும்படி சில ஸ்வரங்கள். எங்கள் டூபாக்காரர் விடுப்பில் இருந்ததால் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் ரயிலில் வந்திருந்தார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கான்டீனில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை, "பையில் புத்தகம் இருந்தது, பரவாயில்லை" என்றார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நிறையப் பேர் தேவைப்படும் பகுதியை முதலில் எடுத்து, வேலை முடிந்தவர்களை அனுப்பிவிட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். அதே சிம்பொனியில் சிம்பலுக்கு (பெரிய ஜால்ரா மாதிரி இருக்கும்) மொத்தமே ஒரு அடிதான். அது 4ஆவது பகுதியில் வரும் என்பதை அதற்குப் பிறகு நான் மறந்ததே இல்லை.

இனி பணம். ஜெர்மனியில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 2015இல் வந்தது. ஆனால் படிப்பின் கட்டாயப் பகுதியாகச் செய்யும் இன்டர்ன்ஷிப்புக்கு அது பொருந்தாது. விருப்பப்பட்டுச் செய்வது மூன்று மாதத்துக்குள் என்றாலும் படிக்கும்போது பெரும்பாலும் அதே கதைதான். இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் மூன்று மாதத்தோடு நிற்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் ஊகம். எனக்குக் கிடைத்தது வாடகையில் பாதிக்குக்கூட வரவில்லை. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து போகும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை என்ற வரம்பும் உண்டு. கட்டாய இன்டர்ன்ஷிப் அதில் சேராது. ஆகவே உங்கள் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹாம்பர்க், வைமர் இசைப் பல்கலைகளில் கலாசார மேலாண்மைப் படிப்பு இருக்கிறது. அங்கே படிப்பவர்கள் நிறையப் பேர் இந்த வழியில் வருகிறார்கள்.

ஜெர்மன் மொழி அவசியம். மேடையில் பத்து நாட்டுக்காரர்கள் இருப்பார்கள், ஆனால் ஹாலின் மேடைப் பணியாளரிடம் போனில் பேசி கூடுதலாக நான்கு நாற்காலி வாங்க ஆங்கிலம் உதவாது.

கச்சேரி சீசன் செப்டம்பரில் தொடங்கி ஜூலை வரை போகும். அடுத்த சீசனின் கச்சேரிப் பட்டியல் புத்தகம் வசந்த காலத்திலேயே வெளிவந்துவிடும். அதைப் படித்து, எந்தக் கச்சேரி வேலையில் சேர விரும்புகிறீர்கள் என்று பெயர் சொல்லி, ஆறு மாதம் முன்னதாகவே எழுதுங்கள். "இசை என் உயிர்" என்று நான் அனுப்பிய ஏழு கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. குறிப்பிட்ட ஒரு கச்சேரியைச் சொல்லி எழுதிய எட்டாவதற்குத்தான் வந்தது.