வேலை முடிந்து ஏழரைக்கு வீடு திரும்பினால், இரவுக்கு எளிதாக, உடம்புக்கு நல்லதாக என்ன சமைக்கலாம்?

தானும் கணவரும் வேலைக்குப் போவதாகவும், வீடு வந்து சேரவே ஏழரை ஆகிவிடுவதாகவும், அதற்கு மேல் சமைக்கத் தெம்பில்லாமல் வாரத்தில் பாதி நாள் வெளியில் வாங்கிச் சாப்பிடுவதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். படித்ததும் மூன்று வருடத்துக்கு முந்தைய எங்கள் வீடு கண் முன்னால் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் ஈரோட்டில் இருக்கிறோம். மனைவி செவிலியர். வாரத்தில் மூன்று நாள் மாலை ஷிப்ட், வீடு திரும்ப ஒன்பதரை ஆகும். எனக்குக் கணக்கு எழுதும் வேலை. ஏழு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே பிள்ளைகள் இருவரும் "பசிக்குதுப்பா" என்று வந்து நிற்பார்கள். உடனே போனை எடுத்துப் பரோட்டாவோ பிரைடு ரைஸோ சொல்லிவிடுவேன். வாரத்தில் நான்கு நாள் இப்படித்தான் ஓடியது. அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எனக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்றார் மருத்துவர். எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரலை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவன் நான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அம்மா கோபி பக்கம் ஊரில் இருக்கிறார். போனில் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, காலைல கெளம்பறப்ப ஒரு கை பயிறு ஊறப்போட்டுட்டுப் போனா என்ன?" என்றார்.

உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுதான். அரை மணி நேரம் அடுப்படியில் நிற்க எப்படியாவது தெம்பு வந்துவிடும். ஆனால் களைத்து வந்த தலையால் "இன்றைக்கு என்ன செய்வது" என்று யோசிக்க முடியாது. அந்த இடத்தில்தான் கை போனுக்குப் போகிறது. காலையில் பாத்திரத்தில் பயறு ஊறிக்கொண்டிருந்தால் அந்த யோசனை காலையிலேயே முடிந்துவிடும். ஊறிய பயறைக் கொட்டவும் யாருக்கும் மனசு வராது.

பச்சைப்பயறில் ஆரம்பியுங்கள். ஒரு டம்ளர் பயறும் இரண்டு ஸ்பூன் அரிசியும் காலை எட்டு மணிக்கு ஊறினால் மாலைக்குள் நன்றாகப் பருத்திருக்கும். தண்ணீரை வடித்து, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு பச்சை மிளகாய், ஒரு ஸ்பூன் சீரகம், உப்பு சேர்த்து மிக்ஸியில் அரைத்தால் ஐந்து நிமிடத்தில் மாவு தயார். புளிக்க வைக்க வேண்டியதில்லை, அதுதான் இதில் பெரிய வசதி. கல்லில் ஊற்றிப் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைத் தூவி மூடி வையுங்கள். ஓரம் சிவந்து தானாகவே எழும்பும்போது திருப்ப வேண்டும். அவசரப்பட்டுக் கரண்டியை விட்டால் பிய்ந்துவிடும், அரிசி மாவுத் தோசை மாதிரி இது வளைந்து கொடுக்காது. ஆந்திராவில் பெசரட்டு என்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். தக்காளிச் சட்னி இருந்தால் மூன்று தோசையில் வயிறு நிறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சித்திரை, வைகாசி வெயிலில் பயறைப் பகல் முழுக்க அடுப்படியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முதல் கோடையில் நான் அப்படி வைத்துவிட்டு வந்து மூடியைத் திறந்தால் மேலே நுரை, புளித்த வாடை. அப்படியே கொட்ட வேண்டியதாகிவிட்டது. வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், அங்கேயும் நன்றாக ஊறும். கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே போட்டுவிட வேண்டும். ராஜ்மா ஊறவைத்தால் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் நன்றாக வேகவிடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் படுத்திவிடும்.

எதுவும் ஊறப்போடாத நாளுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் அரிசிம்பருப்பு சாதம் இருக்கிறது. கோவை, ஈரோடு, திருப்பூர்க்காரர்களிடம் கேட்டால் அவரவர் வீட்டுப் பக்குவத்தைச் சொல்வார்கள். மற்ற ஊர்களில் இதை ஏன் இன்னும் யாரும் செய்வதில்லை என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஒரே குக்கர், ஒரே கரண்டி, அவ்வளவுதான் பாத்திரம்.

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவும் முன் ஒரு டம்ளர் அரிசியையும் அரை டம்ளர் துவரம் பருப்பையும் கழுவித் தண்ணீரில் போட்டுவிடுவேன். உடை மாற்றி, பிள்ளைகளிடம் பள்ளிக்கூடக் கதை கேட்டுவிட்டு வர இருபது நிமிடம் ஆகும். அந்த ஊறல் போதும். குக்கரில் மூன்று ஸ்பூன் கடலெண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், இரண்டு வரமிளகாய் தாளிக்க வேண்டும். ஒரு கை சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, கறிவேப்பிலை போட்டு வதக்க வேண்டும். வெங்காயத்தை நறுக்க வேண்டாம், பெரியதாக இருந்தால் இரண்டாக்கினால் போதும். வெங்காயத்தின் விளிம்பு பொன்னிறமாகும்போது ஒரு தக்காளி, கால் ஸ்பூன் மஞ்சள் தூள், ஒரு ஸ்பூன் மல்லித்தூள், இடித்த மிளகு அரை ஸ்பூன். தக்காளி கரைந்ததும் நான்கு டம்ளர் தண்ணீர், உப்பு. தண்ணீர் கொதித்த பிறகு அரிசி பருப்பை வடித்துப் போட்டு மூன்று விசில்.

இங்கே ஒரு விஷயம். விசில் வந்ததும் குக்கர் தலையைக் கரண்டியால் தூக்கி ஆவியை வெளியேற்றாதீர்கள். தானாக அடங்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் பருப்பு உடைந்து அரிசியோடு சேர்கிறது, பூண்டு வெண்ணெய் மாதிரி ஆகிறது. மூடியைத் திறக்கும்போது மேலே மஞ்சள் நிறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் கறிவேப்பிலையும் மிதக்கும். ஒரு ஸ்பூன் நெய் விட்டு அடியிலிருந்து ஒரே ஒரு முறை கிளறினால் போதும். இந்த வாசனைக்கே என் சின்ன மகள் எழுதிக்கொண்டிருக்கும் வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிட்டுத் தட்டை எடுத்து வந்துவிடுவாள். குக்கர் அடங்கும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் முட்டைக்கோஸோ அவரைக்காயோ ஒரு பொரியல் ஆகிவிடும்.

வழக்கமாக ஒரு பங்கு அரிசிக்குக் கால் பங்கு பருப்பு போடுவார்கள். நான் அரைப் பங்கு போடுகிறேன். அரிசியில் லைசின் என்ற புரதக் கூறு குறைவு, பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் என்ற இன்னொரு கூறு அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே தட்டில் சேரும்போது புரதம் முழுமையாகிறது. பருப்பைக் கூட்டியபோது எனக்கு ஒன்பதரைக்கு மேல் வரும் பிஸ்கட் பசி நின்றுபோனது.

ஆரோக்கியம் என்றவுடன் பலர் ஓட்ஸ், சாலட் என்று போய்விடுகிறார்கள். நம் இரவுச் சாப்பாட்டில் உள்ள குறை வேறு. தட்டு முழுக்க அரிசியாகவோ கோதுமையாகவோ இருக்கிறது, பருப்பும் காயும் ஓரத்தில் கிடக்கின்றன. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு 250 கிராம் தானியம், 400 கிராம் காய்கறி கீரை, 85 கிராம் பருப்பு வகை (அல்லது முட்டை, இறைச்சி) என்று சொல்லியிருக்கிறார்கள். தானியத்தை விடக் காய்தான் அதிகம். நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கும். கடை இட்லி மாவு வாங்குவதில் தப்பே இல்லை, எங்கள் ஃபிரிட்ஜிலும் எப்போதும் ஒரு பாக்கெட் கிடக்கும். ஆனால் நான்கு தோசையும் பொடியும் மட்டும் சாப்பிட்டால் அது பெரும்பாலும் மாவுச்சத்துதான். இரண்டு தோசை, அதன் மேல் முட்டை, பக்கத்தில் ஒரு கிண்ணம் சாம்பாரில் வெந்த காய் என்று மாற்றினால் அதே மாவு நல்ல சாப்பாடாகிவிடும்.

சாமை, குதிரைவாலி பற்றியும் கேட்பீர்கள். அரிசிம்பருப்பில் அரிசிக்குப் பதில் சாமை போட்டுப் பாருங்கள், நன்றாக வருகிறது, நார்ச்சத்தும் கூடுதல். ஆனாலும் அதுவும் தானியம்தான். சாமை என்பதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

கீரையைப் பலர் விடுவதற்குக் காரணம் சுவை கிடையாது, ஆயும் வேலைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பத் நகர் உழவர் சந்தைக்குப் போனால் இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வருவேன். அதைக் குச்சியோடு ஒரு பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி இரவு முழுக்க வைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் துணியைப் பிரித்து உதறினால் இலை முக்கால்வாசி தானாக உதிர்ந்திருக்கும். உட்கார்ந்து ஒவ்வொரு காம்பாக உருவ வேண்டியதில்லை. டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் வரும். ஒரு கைப்பிடி பயறு மாவில், ஒரு கைப்பிடி அரிசிம்பருப்பில். மூன்று முட்டையை உடைத்து ஊற்றி, வதக்கிய வெங்காயத்தோடும் கீரையோடும் பொரித்தால் பத்து நிமிடத்தில் ஒரு தொட்டுக்கொள்ளும் பொருள் தயார். ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம். கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். அதில் இருக்கும் வைட்டமின் சி, கீரையில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். நான் டீயை மாலையிலேயே முடித்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வேலையும் செய்வேன், கொள்ளு வேகவைப்பது. முதல் நாள் இரவு ஊறிய கொள்ளைத் தாராளமாகத் தண்ணீர் விட்டு ஏழு விசில் வேகவைத்து, தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். கொள்ளை வரமிளகாய், மல்லி, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு தாளித்துக் கொரகொரப்பாக அரைத்தால் கொள்ளுக் கடைசல், அன்று மதியத்துக்கு. எடுத்து வைத்த தண்ணீர் திங்கட்கிழமை இரவு ரசமாகும். புளி, மிளகு, பூண்டு தட்டிப் போட்டு ஒரு நுரை கட்டினால் போதும். சூடான சாதம் கொஞ்சம், ரசம், ஒரு பொரியல், முட்டை. வாரத்தின் மிகச் சோர்வான நாளுக்கு இதைவிட எளிதான இரவுச் சாப்பாடு எனக்குத் தெரியாது.

வாரநாளில் சப்பாத்தி போடுவதை நான் விட்டுவிட்டேன். பிசைந்து, உருட்டி, தேய்த்து, சுட்டு முடிக்க முக்கால் மணி நேரம், அப்புறம் அதற்கு ஒரு குருமா. விருப்பம் இருந்தால் சனிக்கிழமை செய்யலாம். அப்பளம், ஊறுகாயையும் இரவில் குறைத்துவிட்டோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊறுகாய் தட்டில் இருந்தால் அந்தக் கணக்கு நிற்காது. அதற்குப் பதில் வெள்ளரிக்காயைத் தயிரில் போட்டுக்கொள்கிறோம்.

இப்போது எட்டு மணிக்குப் பிள்ளைகளும் நானும் சாப்பிட்டு முடித்துவிடுகிறோம். மனைவிக்கு ஹாட்பாக்ஸில் இருக்கும். போன வருடப் பரிசோதனையில் எனக்கு 5.6 வந்தது. காலை நடைப்பயிற்சிக்கும் அதில் பங்கு உண்டு, சாப்பாடு மட்டுமே செய்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளியில் வாங்குவது மாதத்தில் இரண்டு நாளாகக் குறைந்துவிட்டது. அந்த இரண்டு நாளும் ஆசைப்பட்டு வாங்குகிறோம்.

நீங்கள் இருவர் மட்டும் என்பதால், மேலே சொன்ன அளவுகளைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அரை டம்ளர் அரிசி, கால் டம்ளர் பருப்பு, இரண்டேகால் டம்ளர் தண்ணீர். அளவு குறையும்போது தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் அடி பிடிக்கும். மூன்று லிட்டர் குக்கர் தாராளமாகப் போதும். நாளைக் காலையில் கிளம்பும்போது கதவுக்குப் பக்கத்திலேயே பயறு டப்பாவை வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் மறந்துபோகும், எனக்கும் அப்படித்தான் ஆனது.