செடி பீன்ஸ் × கொடி பீன்ஸ்: சீக்கிரம் காய்த்தால் மகசூல் குறையுமா?

வணக்கம். செடி பீன்ஸையும் கொடி பீன்ஸையும் கலந்தீர்கள், முதல் தலைமுறை முழுக்கக் கொடி, இரண்டாம் தலைமுறையில் 60 செடிகளில் 14 மட்டும் குட்டை, சீக்கிரம் முற்றுகின்றன, ஆனால் காய் குறைவு என்று எழுதியிருந்தீர்கள். கலப்பு சரியாகவே நடந்திருக்கிறது. பீன்ஸில் கொடித்தன்மை ஓங்கு பண்பு (கலப்பில் மேலோங்கித் தெரிவது), குட்டை ஒடுங்கு பண்பு (முதல் தலைமுறையில் மறைந்திருந்து, இரண்டாம் தலைமுறையில் சுமார் நாலில் ஒரு செடியில் வெளிப்படுவது). 60-இல் எதிர்பார்ப்பு 15, உங்களுக்குக் கிடைத்தது 14! அந்த 14-இன் விதையும் இனி குட்டையாகவே வரும்.

காய் குறைவதற்குக் காரணம், குட்டைச் செடியின் நுனி பூவில் முடிந்துவிடும். கணுக்கள் குறைவு, காய்க்கும் காலமும் குறைவு. ஆனாலும் தயவுசெய்து இப்போதே கழித்துவிடாதீர்கள். பூக்கும் நாள் பெரும்பாலும் மரபுப்படி வரும், ஒற்றைச் செடியிலேயே நம்பித் தேர்வு செய்யலாம். மகசூல் அப்படியில்லை. பல மரபணுக்கள் சேர்ந்த விஷயம். எரு, தண்ணீர், பக்கத்துச் செடியின் நிழல் எல்லாம் அதை மாற்றிவிடும்.

அதனால் இப்போது முற்றும் நாளை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியாக எடுத்து, தனி வரிசையாக விதைத்துக்கொண்டே போங்கள். நான்காம், ஐந்தாம் தலைமுறையில் வரிசைகளை இரண்டு மூன்று இடத்தில் போட்டு எடை பாருங்கள். அப்புறம், குட்டைச் செடிக்கு இடைவெளியைக் குறைத்து நடுங்கள். செடிக்கு எவ்வளவு என்பதைவிட சென்ட்டுக்கு எவ்வளவு என்று பார்ப்பதே நியாயம்.