இலகுவான எச்டிஎம்எல் பார்சர்: எதைக் கைவிடலாம்? (கேள்வி பதில்)

கேள்வி: எங்கள் செயலிக்குப் பக்கத்தின் தலைப்பும் அதிலுள்ள இணைப்புகளும் மட்டுமே வேண்டும். அதற்காக எழுதும் பார்சர் (எச்டிஎம்எல் உரையைப் படித்துப் பிரிக்கும் நிரல்) எச்டிஎம்எல் விதிமுறை முழுவதையும் பின்பற்ற வேண்டுமா, ஐயா?

பதில்: வேண்டியதில்லை. எச்டிஎம்எல் வாசிப்பில் எழுத்துகளை டோக்கன்களாக, அதாவது டேக், உரை போன்ற சிறு அலகுகளாகப் பிரிப்பது ஒரு கட்டம் (இதைச் செய்யும் பகுதி டோக்கனைசர்), எந்த உறுப்புக்குள் எது அடங்குகிறது என்று காட்டும் மரத்தை அவற்றைக் கொண்டு கட்டுவது மற்றொரு கட்டம். முதற்கட்டத்துக்கு எச்டிஎம்எல் தரத்தைப் பராமரிக்கும் வாட்விக் குழுவின் விதிமுறை 80 நிலைகளை வகுத்திருக்கிறது. எண்ணிக்கை மலைக்க வைத்தாலும், அவற்றுள் பெரும்பாலானவை சில வரிகளில் அடங்கிவிடும். சிக்கலும் நினைவகச் செலவும் மிகுந்தது மரம் கட்டும் பகுதிதான். அதை நீங்கள் தாராளமாக விட்டுவிடலாம். ஆனால் ஸ்கிரிப்ட், ஸ்டைல், டைட்டில், டெக்ஸ்ட்ஏரியா போன்றவற்றின் உள்ளடக்கம் டேக்குகளாகப் பிரிக்கப்படக் கூடாது என்று டோக்கனைசருக்குச் சொல்வது அந்தப் பகுதியே என்பதால், அதை நீக்கும்போது இந்தப் பட்டியலை டோக்கனைசருக்குள்ளேயே வைத்தாக வேண்டும்.

கேள்வி: பயனர்கள் எழுதும் கருத்துகளிலிருந்து தீங்கான நிரலை அகற்றவும் இதே பார்சரைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. இதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வடிகட்டி பார்க்கும் மரமும் உலாவி பார்க்கும் மரமும் ஒன்றாக இருந்தால்தான் வடிகட்டலுக்குப் பொருள் உண்டு. மேலே சொன்ன பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்விஜி (வரைபடங்களுக்கான மொழி) டேக்குக்குள் வரும் ஸ்டைல், விதிமுறைப்படி மற்ற டேக்குகளைப் போன்ற ஒரு சாதாரண டேக். அதன் உள்ளடக்கம் வெறும் உரை அல்ல. அதற்குள் ஆன்எரர் பண்புடன் (படம் ஏறாதபோது இயங்க வேண்டிய நிரலைத் தாங்குவது) ஒரு ஐஎம்ஜி டேக்கை எழுதினால், எளிய டோக்கனைசர் அதை ஸ்டைலின் உரை என்று எண்ணிக் கடந்துவிடும்; உலாவியோ எஸ்விஜியை மூடிவிட்டு உண்மையான படமாக அதைக் கட்டி, பண்பிலுள்ள நிரலை இயக்கிவிடும். உலாவியின் சொந்தப் பார்சரையே பயன்படுத்தும் டாம்ப்யூரிஃபை என்ற வடிகட்டி நூலகத்தில்கூட 2020-இல் இத்தகைய ஓட்டை கண்டறியப்பட்டது. மரத்தை உரையாக மாற்றி மீண்டும் வாசிக்கும்போது அதே மரம் கிடைக்கும் என்பதற்கு எச்டிஎம்எல்லில் உத்தரவாதம் இல்லாததே அதற்குக் காரணம். ஆகவே இந்தப் பணிக்கு பார்ஸ்5, எச்டிஎம்எல்5எவர் போன்று விதிமுறையை முழுமையாகப் பின்பற்றும் பார்சரைத் தேர்ந்தெடுங்கள். அனுமதித்த டேக்குகளின் பட்டியலில் எஸ்விஜியையும், கணிதக் குறியீடுகளுக்கான மேத்எம்எல்லையும் சேர்க்காதீர்கள். வேகம் குறைந்தால் குறையட்டும்.

கேள்வி: பெரிய பக்கங்களைத் துண்டு துண்டாக வாசித்தால் தமிழ் எழுத்துகள் சிதைகின்றன. ஏன்?

பதில்: யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ் எழுத்துகளின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 3 பைட்டுகள் எடுக்கும். துண்டின் எல்லை அவற்றின் நடுவே விழுந்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே உரையாக மாற்றினால், இரு பக்கமும் பிழைக்குறிகளே மிஞ்சும். பைட்டுகளின் மேலேயே டோக்கனைசரை இயக்கி, உரை தேவைப்படும் இடத்தில் மட்டும் மாற்றுவது நல்லது. யுடிஎஃப்-8இல் பல பைட் குறிகளுக்குள் டேக்கைத் தொடங்கும் < அடையாளத்தின் பைட் ஒருபோதும் வராது என்பதால் இது பாதுகாப்பானது. ஐஎஸ்ஓ-2022-ஜேபி போன்ற பழைய ஜப்பானியக் குறியேற்றங்களில் அது வரக்கூடும். அவற்றை முதலிலேயே யுடிஎஃப்-8க்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் லோல்-எச்டிஎம்எல் நூலகம், மரமே கட்டாமல் இவ்வாறு ஓடும் நீரோட்டத்திலேயே பக்கங்களைத் திருத்துகிறது. அதற்கு ஈடாக, இன்னும் வந்து சேராத பகுதியைச் சார்ந்த கேள்விகளை, ஓர் உறுப்பு கடைசிப் பிள்ளையா என்பது போன்றவற்றை, அந்த அமைப்பில் கேட்க முடியாது.

கேள்வி: & போன்ற பெயருள்ள எழுத்துக் குறிப்புகள் 2231 இருக்கின்றனவே, அவசியமான இருபதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் சொந்த வார்ப்புருக்களை மட்டும் வாசிப்பதானால் வைத்துக்கொள்ளலாம். வெளிப்பக்கங்களை வாசிப்பதானால் முழு அட்டவணையும் வேண்டும். பொதுவான முன்னெழுத்துகளைப் பகிரும் நெருக்கமான டிரை அமைப்பில் சேமித்தால் அது பெரிய சுமையாகாது.

கேள்வி: மரம் கட்டும் பார்சரில், அந்த மரத்தை ரிகர்ஷன் மூலம் (ஒரு செயற்கூறு தன்னையே அழைக்கும் முறையில்) நடப்பதில் தவறுண்டா?

பதில்: உண்டு. ஆயிரக்கணக்கான டிவ் டேக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதி ஒருவர் உங்கள் சர்வரின் ஸ்டாக்கை (முடியாத அழைப்புகளை நினைவில் வைக்கும் இடத்தை) நிரப்பிவிடலாம். குரோமின் பிளிங்க் எஞ்சின் மரத்தின் ஆழத்துக்கு 512 என்ற வரம்பை வைத்திருக்கிறது. நீங்களும் ஒரு வரம்பு வைத்து, நடையை லூப்பாக எழுதுங்கள்.

கேள்வி: எழுதி முடித்த பார்சரை எதை வைத்துச் சோதிப்பது?

பதில்: எச்டிஎம்எல்5லிப் சோதனைத் தொகுப்பை வைத்துத்தான். டோக்கனைசருக்கும் மரத்துக்கும் அதில் தனித்தனிச் சோதனைகள் இருப்பதால், மரத்தை விட்டவர்கள் முதல் பகுதியை மட்டும் ஓட்டலாம். வேண்டுமென்றே கைவிட்ட சோதனைகளைக் காரணத்துடன் ஆவணத்தில் எழுதி வையுங்கள்; உங்கள் நூலகத்தைப் பின்னாளில் வடிகட்டியாகப் பயன்படுத்த நினைப்பவர் முதலில் தேட வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.