வாடகையே தவணையைக் கட்டிவிடுமா?

கேள்வி: வயது 46. பிடித்தம் போக மாதம் 95,000 ரூபாய் சம்பளம். சொந்த வீடு இருக்கிறது, கடன் இல்லை. பல்லாவரத்தில் 12 ஆண்டுப் பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட் 70 லட்சத்துக்கு வருகிறது, வாடகை 20,000. சேமிப்பு 35 லட்சம் உண்டு, 45 லட்சம் கடன் வாங்க எண்ணம். 'வாடகையே தவணையைப் பார்த்துக்கொள்ளும்' என்கிறார் தரகர். மகள் பத்தாம் வகுப்பு. வாங்கலாமா?

பதில்: தரகர் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 45 லட்சத்துக்கு 8.5 சதவிகித வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 39,000 ரூபாய். வாடகை அதில் பாதிதான். அந்தப் பாதியும் முழுதாகக் கைக்கு வராது. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரும்வரை ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும் என்று வையுங்கள். சொத்து வரி, பெயின்ட், குழாய், மோட்டார் என்று 30,000 கழியும். மிஞ்சுவது ஆண்டுக்கு 1.9 லட்சம். அட்வான்ஸ் தொகையை வருமானத்தில் சேர்க்காதீர்கள்; திருப்பித் தரவேண்டிய கடன் அது.

விலையும் 70 லட்சத்தோடு நிற்காது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவிகிதம், அதுவே 6.3 லட்சம். தரகு, குடிவைக்கும் முன் செய்யும் வேலைகள் சேர்ந்தால் 78 லட்சத்தைத் தொடும். அதற்கு 1.9 லட்சம் என்பது இரண்டரை சதவிகிதம்கூட இல்லை. எட்டரை வட்டிக்கு வாங்கி இரண்டரை வட்டிக்கு விடுகிற வட்டிக்கடைக்காரரை நான் பார்த்ததில்லை.

'வரி மிச்சமாகுமே' என்பார்கள். பழைய வரி முறையில் இருந்தால், வாடகையைத் தாண்டும் வட்டி நஷ்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அந்தச் சலுகையே கிடையாது. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை.

ஆக, இந்த வீடு லாபம் தரவேண்டுமானால் விலை ஏறியாக வேண்டும். எவ்வளவு? உங்கள் கையிலிருந்து போகும் 33 லட்சத்தையும், தவணையில் விழும் துண்டையும் 7 சதவிகித வைப்பு நிதியில் போட்டதாக வைத்துக்கொள்வோம். வாடகை ஆண்டுக்கு 5 சதவிகிதம் உயர்வதாகத் தாராளமாகவே கணக்கிட்டாலும், பத்தாம் ஆண்டு முடிவில் 31.5 லட்சம் கடன் பாக்கி நிற்கும். வைப்பு நிதிக்குச் சமமாக வரவே வீடு அன்று சுமார் 1.29 கோடிக்கு விலைபோக வேண்டும். அதாவது ஆண்டுக்கு 6 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றம், இரண்டு பக்கமும் வரிக்கு முந்தைய கணக்கு.

அது நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏறுவது மண்ணின் விலை, கட்டடம் தேயும். அன்று அதற்கு 22 வயது. லிஃப்ட், கழிவுநீர்க் குழாய், மொட்டைமாடி ஒழுகல் என்று சங்கம் வசூலுக்கு வரும் வயது. அதனால் பிரிபடாத மனைப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மண்ணில் அந்த ஃபிளாட்டுக்கு உரிய பாகம், எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். ஒரே பரப்புள்ள இரண்டு ஃபிளாட்டுகளில் ஒன்றுக்கு 300, மற்றொன்றுக்கு 500 சதுர அடி இருக்கலாம். பழைய வீட்டின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. தரகர் டைல்ஸைத்தான் காட்டுவார்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, வாங்கிய பிறகு உங்களிடம் மீதமிருக்கும் 2 லட்சம். மாதம் 23,000 கைப்பணம் போடும் நேரத்தில் மகளின் கல்லூரி வந்து நிற்கும். வீட்டில் ஓர் அறையை மட்டும் விற்றுக் கட்டணம் கட்ட முடியாது.

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். பின்னாளில் வாங்கினால், இதே வாடகை தாங்கக்கூடிய கடன் 18 லட்சம்தான். அதற்கு மேல் வாங்காதீர்கள். குடிவைக்கும்போது ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 2019 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிடுங்கள்.