5,500 டொலர் பழைய பிக்கப்பை எடுக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை எல்லாருக்கும் விளங்கும்படி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கனடா வந்து எட்டு மாதம், வீட்டுச் சுவருக்குப் பலகை பூட்டுகிற டிரைவோல் வேலை, பலகையும் சாமானும் ஏற்ற ஒரு பிக்கப் வேண்டும். ஸ்காபரோவில் ஒருவர் 2007ஆம் ஆண்டு போர்ட் எஃப்-150 ஒன்றை, 5.4 லீற்றர் எஞ்சின், 240,000 கிலோமீற்றர் ஓடியது, 5,500 டொலருக்குத் தருகிறாராம். எடுக்கலாமா, பிறகு என்ன செலவு வரும்?

எடுக்கலாம். ஆனால் கையில் இருப்பதே அந்த 5,500தான் என்றால் தொடவேண்டாம். இந்த வயது வண்டிக்கு இன்னொரு மூவாயிரமாவது ஒதுக்கி வைக்கவேண்டும். அது ஒரே வருசத்தில் போனாலும் போகும்.

ஊரில் பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் பொனற்றைத் திறப்போம். இங்கே முதலில் கீழே படுக்கவேண்டும். ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுக்க வீதிக்கு உப்பு போடுகிறார்கள், அது வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டத்தை, அதாவது பிரேமைத் தின்கிறது. நான் வாங்கிய முதல் பிக்கப்பை ஒரு மழை நாளில், பின்னேரம் இருட்டுகிற நேரத்தில் பார்த்தேன். மேலே நல்ல வடிவான பெயின்ற். கீழே ரோர்ச் அடித்தபோது பிரேம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. ‘வண்டியை நல்லாய்ப் பராமரித்திருக்கிறான்’ என்று சந்தோசப்பட்டேன். அடுத்த மாசி மாதம் ஒரு சிவப்பு விளக்கில் பிறேக்கை அழுத்த, பெடல் தரைக்கே போய்விட்டது. பின்சில்லுக்குப் போகிற பிறேக் குழாய் கறள் பிடித்து வெடித்திருந்தது. முன்பிறேக் கொஞ்சம் பிடித்தபடியால் முன்னால் நின்ற காருக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். கராஜில் தூக்கிப் பார்த்தால் அந்தக் கறுப்புப் பூச்சுக்குக் கீழே கறள் பணியாரம் மாதிரிப் பொருமியிருந்தது. குழாய்கள் மாற்ற 900 டொலர், பின்பக்க வில்லுத்தகடு தொங்குகிற கொளுக்கிகள் இரண்டு பக்கமும் மாற்ற இன்னொரு 800.

அதனால் ஒரு சின்னச் சுத்தியல் கொண்டு போங்கள். விற்கிறவரிடம் கேட்டுவிட்டு, பின்சில்லுக்கு மேலே பிரேம் வளைகிற இடத்தில் தட்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று கேட்டால் நல்லது. ‘பொத்’ என்று கேட்டால், அல்லது செதில் செதிலாக உதிர்ந்தால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பிரேமில் கறள் போர்ட்டுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. ரொயோற்றாவே பழைய ரக்கோமா, ரன்ட்ரா பிக்கப்புகளின் பிரேம்களுக்காக 2016இல் அமெரிக்காவில் பெரிய இழப்பீட்டு உடன்பாட்டுக்கு வரவேண்டியிருந்தது. ‘ரொயோற்றா என்றால் ஒன்றும் ஆகாது’ என்று சொல்கிற மாமாக்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி எஞ்சின். 2004க்கும் 2008க்கும் இடைப்பட்ட எஃப்-150இல் வரும் இந்த 5.4, சிலிண்டருக்கு மூன்று வால்வு உள்ளது. இழுவை நல்லது, ஆனால் பேர்போன இரண்டு வில்லங்கம் உண்டு.

முதலாவது ஸ்பார்க் பிளக். அந்தக் காலத்துப் பிளக் இரண்டு துண்டாகச் செய்தது. அடிப்பாகத்தில் கரி இறுகிப் பிடிக்கும். கழற்றும்போது மேல்துண்டு கையோடு வரும், கீழ்த்துண்டு எஞ்சின் தலைக்குள்ளே நின்றுவிடும். தெரிந்த மெக்கானிக் கொஞ்சம் தளர்த்தி, கரி கரைக்கிற திரவம் ஊற்றி, ஊறவிட்டுத்தான் கழற்றுவார். அப்படியும் உடைந்தால் எடுப்பதற்கென்றே தனி ஆயுதம் இருக்கிறது. எட்டுப் பிளக்கும் சுகமாக வந்தால் 500, 600 டொலரோடு முடியும், உடைகிற ஒவ்வொன்றுக்கும் மேலதிகக் கூலி. ஆகவே விற்கிறவரிடம் கேட்கவேண்டியது ‘பிளக் மாற்றினீர்களா, பில் இருக்கிறதா, ஒரே துண்டுப் பிளக்கா போட்டது’ என்று. பில் இருந்தால் அது உங்களுக்குப் பெரிய இலாபம்.

இரண்டாவது, வால்வுகளின் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிற கேம் பேசர். ஓயில் அழுத்தத்தில்தான் அது வேலை செய்கிறது. ஓயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில், எஞ்சினுக்குள் ஓடுகிற ரைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற ரென்சனரின் சீல் கசிந்தால் சூட்டில் அழுத்தம் விழும், பேசர் அடிக்கத் தொடங்கும். செயினோடு சேர்த்து மாற்ற 3,000, 4,000 டொலர் கேட்பார்கள். அது வண்டியின் விலையில் பாதிக்கு மேலே.

இதைக் காதாலேயே பிடிக்கலாம். காலையில் போங்கள், நீங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்ரார்ட் செய்யவேண்டாம் என்று விற்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குளிரில் ஸ்ரார்ட் செய்தவுடன் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடேற அடங்கினால், அது புகைக்குழாய் மனிபோல்டில் போல்ட் உடைந்து காற்றுக் கசிகிற சத்தம். எரிச்சல்தான், ஆயிரம் டொலர் அளவில் போகும், ஆனால் வண்டி ஓடும். மாறாக, குளிரில் ஒன்றும் இல்லாமல், அரைமணி நேரம் ஹைவேயில் ஓட்டிவந்து கியரில் வைத்தபடி பிறேக்கில் நிற்கும்போது டீசல் லொறி மாதிரி ‘டக் டக்’ என்று அடித்தால், அதுதான் பேசர். சிலர் தடித்த ஓயில் ஊற்றிச் சத்தத்தை மறைத்து விற்பார்கள், அதனால்தான் அந்த அரைமணி நேரம். ஐந்து நிமிட ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று சின்னது, ஆனால் பலரை அலைக்கழித்தது. பெற்றோல் பம்பைக் கட்டுப்படுத்தும் ஒரு அலுமினியப் பெட்டி பின்னால், ஸ்பெயார் ரயருக்கு மேலே இரும்பு பிரேமோடு ஒட்டிப் பூட்டியிருக்கும். இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம் பொடியாகும், பெட்டிக்குள் தண்ணீர் போகும். வண்டி பெற்றோல் முடிந்தது மாதிரி நடுவழியில் நின்றுவிடும். தெரியாத கராஜ்காரர் பம்பையே மாற்றி ஆயிரம் டொலர் எடுத்துவிடுவார். பெட்டியை மட்டும் மாற்றினால் 200, 250 டொலரோடு போகும். மாற்றும்போது பிரேமில் முட்டாமல் இடைவெளி விட்டுப் பூட்டச் சொல்லுங்கள்.

பேப்பர் விசயம் சுருக்கமாக. வண்டியின் பழைய விபரங்கள் உள்ள வாகன விபரப் பொதியை விற்கிறவர்தான் தரவேண்டும். அதில் பழைய கடன் எதுவும் வண்டிமேல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது உங்கள் தலையில். வரி 13 வீதம், 5,500க்கு 715 டொலர், பெயர் மாற்றும்போது நீங்கள் கட்டவேண்டும். வண்டி வீதியில் ஓடத் தகுந்தது என்கிற சேஃப்ரி சேர்ட்டிபிக்கற் ஏற்கெனவே இருக்கிறது என்றால் மயங்கவேண்டாம். எனக்கு விற்றவரும் ஒரு சேர்ட்டிபிக்கற் காட்டித்தான் விற்றார். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் நூறு, நூற்றைம்பது கொடுத்து வண்டியைத் தூக்கிக் காட்டுங்கள். இன்சூரன்ஸ் விலையை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள், வேலைக்குப் பாவிப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். விபத்து நடந்த பிறகு பின்னால் டிரைவோல் பலகை இருந்ததைக் கண்டால் அவர்கள் கேட்கிற கேள்வி வேறு.

பெற்றோலும் கணக்கில் வையுங்கள். நகருக்குள் நூறு கிலோமீற்றருக்கு 16, 17 லீற்றர் குடிக்கும்.

ஒரு யோசனை: அதே வருச எஃப்-150 4.6 லீற்றர் எஞ்சினோடும் வந்தது. இழுவை குறைவு, ஆனால் இரண்டு வால்வு எஞ்சின். அந்தப் பேசரும் இல்லை, உடைகிற பிளக்கும் இல்லை. பலகை ஏற்ற அது தாராளமாகப் போதும். இந்த 5.4ஐத்தான் எடுக்கிறீர்கள் என்றால், பிளக் பில் இல்லாவிட்டால் 4,500க்கு மேலே போகவேண்டாம். போகிற அன்று முதலில் பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னமே யாரோ ஸ்ரார்ட் செய்திருக்கிறார்கள். பேசாமல் திரும்பி வந்து இன்னொரு காலையில் போங்கள்.