பூசி மூடாதீர்கள்: வீடு பற்றி வாசகர் கேள்விகள்

வீடு கட்டி நான்கு வருடம் ஆகிறது. ஜன்னல் மூலையிலிருந்து மேல்தளம் வரை சாய்வாக ஒரு வெடிப்பு. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. இரண்டு தடவை அடித்தாகிவிட்டது. கோடை வந்தால் திரும்ப வருகிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

மூன்றாம் தடவை அடிக்காதீர்கள். கோடையில் திரும்ப வருகிறது என்கிறீர்களே, பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. நம் பக்கத்துக் களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் உங்கள் ஊர் வயலில் இறங்கிப் பாருங்கள், பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதே மண்தான் உங்கள் கடைக்காலுக்கு அடியிலும் இருக்கிறது.

நீடாமங்கலம் அருகே 2006-ல் நாங்கள் வீடு கட்டியபோது தூண்களை 6 அடி ஆழத்துக்கு இறக்கி, பேஸ்மட்டத்தில் சுற்றிலும் பெல்ட், அதாவது கம்பி வைத்த கான்கிரீட் பட்டை, போட்டோம். அதில் ஒரு குறையும் வரவில்லை. மூன்று வருடம் கழித்து வாசலில் போர்ட்டிகோ சேர்த்தோம். நிழலுக்குத்தானே என்று 2 அடியில் கடைக்காலை நிறுத்தி, பழைய சுவரோடு ஒட்டவைத்துப் பூசிவிட்டோம். அடுத்த சித்திரையில் சேர்ந்த இடம் பிளந்துகொண்டது. ஐந்து ரூபாய் நாணயம் அதில் நுழைந்தது. கார்த்திகையில் பார்த்தால் அதே இடத்தில் தபால் கார்டுகூட நுழையவில்லை. மூன்று முறை பூசினோம், மூன்று முறையும் விட்டது.

பிறகு ஒரு பொறியாளர் வந்து பார்த்தார். ஒட்டுப்பூச்சை மேலிருந்து கீழ்வரை வெட்டி எடுக்கச் சொல்லி, வீட்டுக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி விட்டு, இழுபடக்கூடிய சீலன்ட் அடைத்துக் கொடுத்தார். இப்போது போர்ட்டிகோ தன் போக்கில் ஏறி இறங்கிக்கொள்கிறது, வீட்டுச் சுவரை இழுப்பதில்லை. பழைய வீட்டோடு புதிதாக ஓர் அறை சேர்க்கப் போகிறவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

சரி, உங்கள் சுவருக்கு வருகிறேன். கண்ணாடிக் கடையில் ஒரு சாண் நீளத்துக்கு மிச்சத் துண்டு கேட்டு வாங்குங்கள். வெடிப்பின் இரண்டு பக்கமும் பூச்சைக் கொத்திச் செங்கல் தெரியவைத்து, கண்ணாடியைக் குறுக்கே வைத்து, இரு நுனியை மட்டும் சிமென்ட் கலவையால் பதியுங்கள். பக்கத்திலேயே தேதியை எழுதிவிடுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும். கண்ணாடி அப்படியே இருந்தால் அசைவு நின்றுவிட்டது, வெடிப்பை அகலமாகக் கொத்தி அடைத்துக்கொள்ளலாம். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அப்போது கூப்பிட வேண்டியவர் பொறியாளர், பெயிண்டர் இல்லை. இதற்கிடையில் கதவு இறுகிக்கொண்டாலோ, வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு வளர்ந்தாலோ ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

இன்றைக்கே ஒன்று செய்யலாம். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். மாடித் தண்ணீர்க் குழாய் சுவரடியில் கொட்டுகிறதா? குளியலறைத் தண்ணீரை வாழைக்கு விட்டு, அந்த வாழை சுவரை ஒட்டி நிற்கிறதா? பெரிய வேப்பமரம் பக்கத்தில் இருக்கிறதா? ஒரு பக்கம் ஊறியும் ஒரு பக்கம் காய்ந்தும் கிடந்தால் மண் சமமாக உட்காராது. சுவரைச் சுற்றி 3 அடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சாய்வாக ஒரு தளம் போட்டு, தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள்.

வேதாரண்யம் பக்கம் வீடு கட்டுகிறோம். போர் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது. கான்கிரீட்டுக்கு விடலாமா?
- ஒரு வாசகர்

பரிசோதிக்காமல் விடாதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். கடலோர ஊர்களில் சன்ஷேடு பெயர்ந்து கம்பி தெரிகிற வீடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். தேறாவிட்டால் லாரி நல்ல தண்ணீர்தான் வழி. செலவுதான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். தளத்துக்குப் பிறகு ஊற்றும் தண்ணீரும் நல்ல தண்ணீராகவே இருக்கட்டும். கம்பிக்கு அடியில் ஜல்லியை முட்டுக்கொடுக்க விடாதீர்கள், கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சிறு சிமென்ட் கட்டையான கவர் பிளாக் வைக்கச் சொல்லுங்கள்.

தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். குறைந்தது 10 நாள், வெயில் கடுமையாக இருந்தால் 14 நாள். எங்கள் வீட்டில் என் கணவர், நாற்றங்காலுக்குத் தண்ணீர் பார்ப்பவரைப் போல, விடியலில் மண்வெட்டியோடு மாடியேறிவிடுவார். எங்காவது வரப்பு உடைந்திருந்தால் அடைத்துவிட்டுத்தான் காபி.

மழைக்கு முன் வீட்டில் என்னென்ன பார்க்க வேண்டும்?
- ஒரு வாசகி, மன்னார்குடி

புரட்டாசியிலேயே மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுங்கள். நாலு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏறிப் பாருங்கள். எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கொத்தனார் வந்தால் அந்த வட்டங்களை மட்டும் காட்டினால் போதும். சன்ஷேடுகளின் மேல்பக்கத்தையும் பாருங்கள், அரசங்கன்று முளைத்திருந்தால் சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள்.

கழிவுநீர்த் தொட்டியை மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் முழுக்கக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே நிற்கிற நேரம் அது, வெறும் தொட்டியை அடியிலிருந்து தூக்கிவிடும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதற்குள், வைகாசியிலேயே வண்டி வரவழைத்து முடித்துக்கொள்ளுங்கள்.