விழுந்த மரத்தின் முதுகில்

வணக்கம் ஐயா,

காற்றுக்கு எங்கள் பின்வளவில் ஒரு பனை விழுந்துவிட்டது. அமெரிக்கக் காடுகளில் விழுந்த மரத்தின் மேலேயே ஊசியிலை மரக்கன்றுகள் வரிசையாக முளைத்து நிற்கும் படங்களைப் பார்த்தேன். செத்த தாய் தன் உடம்பையே பாலாகக் கொடுப்பதுபோல் இருந்தது. எங்கள் பனையிலும் வேம்போ பனையோ முளைக்க வைக்கலாமா? மலையகத்திலிருந்து பைன் விதை எடுப்பித்தால் சரிவருமா?

ஒரு வாசகர், கோப்பாய்

அன்புள்ள தம்பி,

விழுந்த பனையை அன்றைக்கே தறித்து விற்காமல் யோசித்துக்கொண்டு நின்றீர்களே, அந்த மனம் எல்லாருக்கும் வாய்க்காது. பைனை மறந்துவிடுங்கள். மலையகத்தில் நட்டிருக்கும் கரீபியன் பைன் திறந்த நிலத்தில், நல்ல வெயிலில் முளைக்கிற சாதி. அதற்குக் கட்டை தேவையில்லை.

ஆனால் அந்தப் பால் கதையை நான் விடமாட்டேன். எல்லாரும் இதையே திருப்பித் திருப்பி எழுதுகிறார்கள், நீங்களுமா? கட்டையில் எங்கே பால் இருக்கிறது? மரத்தில் நைதரசன் மிகக் குறைவு. பக்கத்து மண் அதைவிடச் சத்தானது. அப்படியிருந்தும் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரிகன், வாஷிங்டன் மாநிலக் காடுகளில் ஹெம்லொக், சிற்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் கன்றுகளில் நூற்றுக்கு 94 முதல் 98 வரை நிற்பது கட்டைகளின் மேல்தான். அந்தக் கட்டைகள் மூடியிருப்பதோ நிலத்தில் நூற்றுக்கு 6 முதல் 11 பங்கு. காரணம் சத்தல்ல, இடம். கீழே பாசியும் பன்னச் செடியும் மொய்த்துக் கிடக்கின்றன. ஹெம்லொக் விதை ஒரு கிராமுக்கு ஐந்நூறுக்கு மேல் வரும். அவ்வளவு சிறிய விதைக்குள் எவ்வளவு சாப்பாடு இருக்கும்? பாசியைத் துளைத்து மண்ணைத் தொடுமுன் முளை காய்ந்துவிடும். காட்டு ஆய்வாளர்கள் ஹார்மனும் ஃபிராங்ளினும் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது: கன்றைத் தடுப்பது தரையில் இருக்கிற பாசியும் செடிகளும். ஜப்பானின் வடதீவான ஹொக்கைடோவில் வேறு காரணமும் சேர்கிறது. பனிக்கு அடியில் மண்ணில் பரவும் பூஞ்சை அங்கே ஸ்ப்ரூஸ் நாற்றைக் கொல்கிறது, கட்டை மேல் ஏறியது தப்புகிறது.

எல்லாக் கட்டையும் உதவாது. புதிதாக விழுந்ததில் விதை உருண்டு விழும். பட்டையில் முளைத்தால் பட்டை கழன்று விழும்போது கன்றும் சேர்ந்து போகும். பட்டை போய், கத்தி நுனி இலகுவாக இறங்கும் அளவுக்கு மரம் இளகியிருக்க வேண்டும். பழுப்பு அழுகல் பூஞ்சை மரத்தைச் சதுரம் சதுரமாக வெடிக்கச் செய்யும். அந்த வெடிப்பில் ஈரம் நிற்கும், வேரும் அதன் வழியே ஓடும். மெல்லிய பாசி விதையைப் பிடித்து வைக்கும். மிகத் தடித்தால் அதுவே பகை. நிலத்தில் படியாமல் அந்தரத்தில் கிடக்கும் கட்டை காய்ந்துவிடும். இத்தனையும் சரியாக அமைந்தாலும் பெரும்பாலான கன்றுகள் சாகும். தப்பியது கட்டையின் இரு பக்கமும் வேரை இறக்கி மண்ணைப் பிடிக்கும். பிறகு கட்டை மட்கிப்போக, வேர்க்கால்களில் நிற்கும் மரவரிசைதான் நீங்கள் படத்தில் கண்டது. தடித்த கட்டை முழுதாக மட்க நூறு வருடமும் செல்லும். காட்டைத் துப்புரவாக்குகிறோம் என்று விழுந்ததையெல்லாம் இழுத்துப் போகிறவர்கள் அந்த இடத்தைத்தான் இழுத்துப் போகிறார்கள்.

இதற்கு வாஷிங்டன் மாநிலத்து ஹோ மழைக்காட்டுக்குப் போக வேண்டுமென்றில்லை. மட்டை அடியில் ஆல் முளைத்து ஏறிய பனைகள் உங்கள் ஊரிலேயே நிற்கின்றன. கடுகளவு விதை, நிலத்தில் பிழைக்காதது, மேலே பிழைக்கிறது. பனங்கொட்டை இதற்கு நேர் எதிர். முளைக்கும்போது உள்ளே வளரும் பஞ்சுபோன்ற பூரானுக்கே போதிய சாப்பாடு வைத்திருக்கிற அது முளையை ஆழமாக மண்ணுக்குள் இறக்கித்தான் கிழங்கு வைக்கும். பாத்தியை விட்டுக் கட்டையில் வைத்தால் என்ன நடக்கும்? வேம்பும் மண்ணில் போட்டாலே போதும்.

ஹோவில் வருடம் சுமார் 3,500 மில்லிமீற்றர் மழை. உங்களுக்குச் சுமார் 1,250, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள். உங்கள் பனையின் வைரம் வெளியே விறைத்து நிற்க, உள்சோறு முதலில் அழுகும். மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். அழுகும் பனைக்குற்றியில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பக்கத்தில் தென்னை நிற்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நின்றால் இந்த மாரிக்கு முன்னமே பிளந்து காயவிடுங்கள். கூரைச் சிலாகை கிழிக்க ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது.